மக்காவ்காரர் எல்லாரும் மக்கனீஸ் ஆகிவிட முடியாது

சீனாவின் தென்கரையில், 1999 வரை போர்ச்சுகீசியர் ஆண்ட மக்காவில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் பிரித்துப் போடும் வேலை பார்க்கும் ஒரு சீனரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தாவுக்கும் அதே ஊர்தான். அவரை ‘மக்கனீஸ்’ என்று அழைத்தால், “நான் அவர்கள் இல்லை” என்பார். இன்னொருவர் கலிபோர்னியாவில் பிறந்தவர். அந்த ஊர்ச் சீனர்கள் பேசும் கான்டனீஸ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. மக்காவுக்கு வாழ்நாளில் ஒருமுறை போய் நாலு நாள் தங்கிவிட்டு வந்தவர். ஆனால் குடும்பப் பெயர் ரொசாரியோ, பாட்டி சமைத்த மின்ச்சி என்ற கொத்திறைச்சிச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அவர் தன்னை மக்கனீஸ் என்று சொல்லிக்கொள்வார், யாரும் மறுக்க மாட்டார்கள்.

மதுரையில் பிறந்தவரை மதுரைக்காரர் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். ‘மக்காவ் மக்கள்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். அந்த ஊரில் இன்று சுமார் 6,80,000 பேர் வாழ்கிறார்கள், மிகப் பெரும்பாலோர் சீனர்கள். பழைய அர்த்தத்தில் மக்கனீஸ் எனப்படுவோர் அவர்களில் சில ஆயிரம் பேர்தான். போர்ச்சுகீசியரின் வழியில், ஆசியப் பெண்களின் வயிற்றில் பிறந்து, நானூற்றைம்பது ஆண்டுகளாகத் தனிச் சமூகமாக இருந்துவரும் கலப்பினத்தவர் அவர்கள். ஆங்கில அகராதிகள் இரண்டு பொருளையும் அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. எது எப்போது பொருந்தும் என்பதைச் சொல்வதில்லை.

சொல்லின் உடம்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். போர்ச்சுகீசிய மொழியில் ‘மக்காயென்ஸ்’. ‘இந்த இடத்தைச் சேர்ந்த’ என்று காட்ட லத்தீனில் ‘என்சிஸ்’ என்றொரு விகுதி உண்டு, அதன் பேரப்பிள்ளைதான் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘என்ஸ்’. ஆங்கிலத்துக்கு வரும்போது அந்த விகுதி ‘ஈஸ்’ ஆகிறது, சைனீஸ், போர்ச்சுகீஸ் என்பதைப் போல. கணக்குப்படி ‘மக்காவீஸ்’ என்றுதான் வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு ‘ன’ நுழைந்திருக்கிறது. ஜாவா ‘ஜாவனீஸ்’ ஆனதும் பாலி ‘பாலினீஸ்’ ஆனதும் இதே வழியில்தான். உயிரில் முடியும் ஊர்ப்பெயரும் உயிரில் தொடங்கும் விகுதியும் சேரும்போது வாய் ஒரு மெய்யைத் தேடுகிறது. நாம் ‘ய’வையும் ‘வ’வையும் உடம்படுமெய் என்று இலக்கணத்திலேயே உட்கார வைத்துவிட்டோம், அவர்கள் ‘ன’வைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்ப்பெயரைப் பழைய போர்ச்சுகீசியர் ‘மக்காவோங்’ என மூக்கொலியோடு எழுதியதுண்டு. 1576-ல் உருவான மக்காவ் மறைமாவட்டத்துக்குத் திருச்சபை லத்தீனில் ‘மக்காவோனென்சிஸ்’ என்று பெயர். ஆக, அந்த ‘ன’ வெறும் வாய்வசதி என்று மட்டும் தள்ளிவிடவும் முடியாது.

ஒரு வேடிக்கை. பிரேசிலில் ரியோ மாநிலத்தில் மக்காயே என்று ஓர் எண்ணெய் நகரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கும் போர்ச்சுகீசியத்தில் ‘மக்காயென்ஸ்’ என்றே பெயர். இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் பாதி நேரம் அங்கே போய் நிற்பீர்கள்.

சரி, மக்காவ் என்ற ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது? வழக்கமாகச் சொல்லும் கதை இது: கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் இது என்ன இடம் என்று கேட்க, அருகில் இருந்த கோயிலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்த மீனவர்கள் ‘மா-கொக்’ என்றார்கள். கடலோடிகளைக் காக்கும் மாஸு அம்மனின் (உள்ளூரில் ‘அ-மா’) கோயில் அது. போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பே இருந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் கதைகள் இப்படித்தான், கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாக இருக்கும். பழைய ஆவணங்களில் ‘அமக்காவ்’ என்ற வடிவம் வருவதால் அம்மன் பெயரோடு உள்ள தொடர்பை மட்டும் நம்பலாம். இதில் கவனிக்க வேண்டியது வேறு: ஊர்ச் சீனர்கள் யாரும் அதை மக்காவ் என்று அழைப்பதில்லை. அவர்களுக்கு அது ‘ஓ-முன்’, விரிகுடாவின் வாசல். அங்கே வாழும் சீனர் தன்னை ‘ஓ-முன்-யான்’ என்பார், ஓ-முன் ஆள். ‘மக்கனீஸ்’ என்ற சொல்லின் வேர் முதலிலிருந்தே அவர் வாயில் இல்லை. பிறகு அந்தச் சொல் அவரை எப்படிக் குறிக்கும்?

மக்கனீஸ் சமூகம் தனக்கு வைத்துக்கொண்ட பழைய பெயர் இன்னும் சுவாரசியமானது. போர்ச்சுகீசியத்தில் ‘ஃபில்யுஸ் ட டெர்ரா’, சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மண்ணின் மைந்தர்’. நம்மூர் அரசியலில் இந்தத் தொடர் யாருக்கு எதிராக எழுப்பப்படும் என்று எல்லோருக்கும் தெரியும், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எதிராக. மக்காவிலோ, வெளியிலிருந்து வந்த கப்பல்காரர்களின் வாரிசுகளைத்தான் அது குறிக்கிறது. லிஸ்பனிலிருந்து மூன்று வருடப் பதவிக்கு வந்து போகும் அதிகாரியிடம், “நீ வந்தவன், நான் இங்கேயே பிறந்தவன்” என்று காட்டிக்கொள்ளும் பெயர் அது. சீனர்களை நோக்கிச் சொன்னது அல்ல. கான்டனீஸில் சீனர்கள் வைத்த பெயரிலும் மண் இருக்கிறது. ‘தோ-சாங் போ-யான்’: ‘தோ’ மண், ‘சாங்’ பிறப்பு, ‘போ-யான்’ போர்ச்சுகீசியர். இந்த மண்ணில் பிறந்த போர்ச்சுகீசியர். ஒருவர் மண்ணை அழுத்திச் சொல்கிறார், இன்னொருவர் போர்ச்சுகீசியரை அழுத்திச் சொல்கிறார்.

‘மக்காயிஸ்தா’ என்று இன்னொரு பெயரும் புழக்கத்தில் இருந்தது. 1836-ல் அந்த ஊரில் தொடங்கிய ஒரு பத்திரிகையின் தலைப்பிலேயே அது வரும். பிற்பாடு அந்தச் சொல்லில் லேசான கேலி ஏறிக்கொண்டது, பட்டிக்காட்டுப் போர்ச்சுகீசியம் பேசுபவன் என்ற தொனி. கௌரவமாகக் காட்டிக்கொள்ள விரும்பியவர்கள் ‘மக்காயென்ஸ்’ பக்கம் நகர்ந்தார்கள். 1871-ல் இந்தச் சமூகத்தின் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தொடங்கிய சங்கம் தன் பெயரிலேயே ‘மக்காயென்ஸ்களின் கல்வி’ என்று எழுதிக்கொண்டது. அந்தச் சங்கம் இன்னும் இருக்கிறது.

இவர்கள் எப்படி உருவானார்கள் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ‘போர்ச்சுகீசிய அப்பா, சீன அம்மா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போர்ச்சுகீசியர் மக்காவில் நிலையாகக் குடியேறியது 1557-ல். அதற்குள் கோவாவைப் பிடித்து 47 வருடம், மலாக்காவைப் பிடித்து 46 வருடம் ஆகியிருந்தது. கோவாவில் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொள்ளும்படி போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கே தன் ஆட்களை ஊக்குவித்தது ஊரறிந்த கதை. ஐரோப்பாவிலிருந்து பெண்கள் வருவது அபூர்வம். ஆக, மக்காவுக்கு வந்த கப்பலில் கோவாக்காரியும் மலாக்காக்காரியும் ஏற்கெனவே மனைவியாக இருந்தார்கள், அல்லது அடிமையாக இருந்தார்கள். திமோரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் உண்டு. ஜப்பானோடு வணிகம் நடந்த காலத்தில் ஜப்பானியப் பெண்கள் சேர்ந்தார்கள். கிறிஸ்தவத்தை ஒடுக்கிய ஜப்பான் அரசு 1636-ல் போர்ச்சுகீசியருக்குப் பிறந்த பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரையும் கப்பலேற்றி மக்காவுக்கே அனுப்பிவிட்டது. ஊரின் அடையாளமாக இன்று எல்லாரும் படம் பிடிக்கும் புனித பவுல் தேவாலயத்தின் முகப்பைச் செதுக்கியவர்களிலும் ஜப்பானிலிருந்து தப்பிவந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

சீன ரத்தம் எப்போது, எவ்வளவு சேர்ந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் நெடுங்காலச் சண்டை. கோவாவும் மலாக்காவும்தான் அடித்தளம், சீனக் கலப்பு பிந்தியது என்று ஒரு கட்சி. வீட்டு வேலைக்கு வாங்கிய சீனச் சிறுமிகள், கன்னியாஸ்திரீகள் வளர்த்த அநாதைகள், ஞானஸ்நானம் பெற்றுப் போர்ச்சுகீசியப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் வழியாகத் தொடக்கத்திலிருந்தே அது வந்துகொண்டிருந்தது என்று மறு கட்சி. இந்தச் சண்டையில் அறிவுத்தேடல் மட்டும் இல்லை. தன் பாட்டி சீனர் என்று ஒப்புக்கொள்வது சமூகத்தில் ஒரு படி கீழே இறங்குவது என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதே பாட்டியைச் சொன்னால் மதிப்பு. வம்சாவளிக் கணக்கும் காற்றடிக்கும் பக்கம்தான் சாயும் போலிருக்கிறது.

ரத்தத்தை மட்டும் வைத்து இவர்களை அடையாளம் காண முடியாது என்பதை மானுடவியலாளர் ஜொவாவ் த பினா-கப்ரால், நெல்சன் லொரென்சோ என்ற இருவரும் 1990-களில் தெளிவாக எழுதினார்கள். அவர்கள் சொன்னது மூன்று இழைகள்: போர்ச்சுகீசிய மொழி, கத்தோலிக்க மதம், கலப்பு வம்சம். மூன்றும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வம்சத்தில் முழுச் சீனராக இருந்து, மதம் மாறி, போர்ச்சுகீசியப் பள்ளியில் படித்த குடும்பம் இரண்டு தலைமுறையில் மக்கனீஸ் ஆகிவிடலாம். லிஸ்பனிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு சிப்பாயின் பிள்ளைகளும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கதவு திறந்தே இருந்தது. என்ன, வாசல்படி கொஞ்சம் உயரம்.

இவர்கள் பிழைத்தது நடுவில் நின்று. ஆளுநருக்குச் சீனம் தெரியாது, சீன வணிகருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. மக்கனீஸ்காரருக்கு வீட்டில் ஒன்று, வேலைக்காரியிடம் ஒன்று, தெருவில் ஒன்று என எல்லாமே தெரியும். பேசத் தெரியுமே தவிர, சீன எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெத்ரு நொலாஸ்கு த சில்வா போன்ற அரசு மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததற்கு அதுவே காரணம். 1841-ல் பிரிட்டிஷார் ஹாங்காங்கைப் பிடித்ததும் மக்காவிலிருந்து ஒரு பெருங்கூட்டம் அங்கே போயிற்று: வங்கி எழுத்தர்கள், கணக்கர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், அச்சுக்காரர்கள். ஹாங்காங் அரசின் அச்சு வேலைகளை நெடுங்காலம் செய்தது தெல்ஃபினு நொரோன்யா என்ற மக்கனீஸ்காரரின் அச்சகம். 1866-ல் அவர்களுக்கென்று லுசித்தானோ கிளப் எழுந்தது. ஆனால் அங்கே அவர்களை யாரும் மக்கனீஸ் என்று எழுதவில்லை. அரசுக் கணக்கில் ‘போர்ச்சுகீசியர்’ என்று தனி வகை, ஐரோப்பியரோடும் சேர்க்காமல், சீனரோடும் சேர்க்காமல். படகில் சில மணி நேரப் பயணம்தான். அதற்குள் பெயர் மாறிவிட்டது.

1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, இவர்களில் பெரும்பாலோர் அகதிகளாக, போரில் நடுநிலை வகித்த மக்காவுக்கே திரும்பினார்கள். போர் முடிந்தபின் ஒரு பகுதி மறுபடி ஹாங்காங், இன்னொரு பகுதி கலிபோர்னியா, பிரேசில், கனடா, ஆஸ்திரேலியா. ‘மக்கனீஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ஒரு சமூகத்தின் கொடியாகத் தூக்கிப் பிடிக்கப்பட்டது பெரும்பாலும் இந்தப் புலம்பெயர்ந்தவர்களால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் இருந்தவரை அவர்கள் போர்ச்சுகீசியர். சான் பிரான்சிஸ்கோவில் உண்மையான போர்ச்சுகல்காரர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, வேறொரு பெயர் தேவைப்பட்டது.

அதே சொல்தான் அவர்கள் மொழியையும் குறிக்கும். உள்ளூரில் அதற்குப் பெயர் பட்டுவா. செல்லமாக ‘தோசி பாப்பியாசாங்’, இனிய பேச்சு. ‘லிங்கு நொன்யா’, அதாவது பெண்கள் மொழி, என்றும் ஒரு பெயர் உண்டு. பள்ளிக்குப் போன ஆண்கள் லிஸ்பன் போர்ச்சுகீசியத்துக்கு மாறியபின் அடுக்களையில் அதைக் காப்பாற்றியவர்கள் பெண்களே. இலங்கைத் தமிழர்களுக்கு ‘நொன்யா’ என்றதும் ‘நோனா’ (சீமாட்டி) நினைவுக்கு வந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஐரோப்பியக் கலப்பு வம்சத்துப் பறங்கியர் வீடுகளில் பேசப்பட்ட போர்ச்சுகீசியக் கிரியோல் என்ற கலப்புமொழி, மலாக்காவின் பாப்பியா கிறிஸ்தாங், மக்காவின் பட்டுவா மூன்றும் ஒரே கப்பல் பாதையில் பிறந்த சகோதரிகள். மட்டக்களப்புச் சகோதரி தமிழோடு பழகி, வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். மக்காவ்காரி மலாய் வழியாக வந்து கான்டனீஸ் பக்கத்தில் குடியிருந்தாள். பன்மை வேண்டுமென்றால் சொல்லையே இரட்டிப்பாள்: ‘காசா’ வீடு, ‘காசா-காசா’ வீடுகள். ‘கி சாயாங்’ என்றால் ‘ஐயோ பாவம், வீணாய்ப் போச்சே’. ‘சாயாங்’ மலாய்ச் சொல். இந்த மொழியில் கவிதை எழுதிக் குவித்த ‘அதே’ என்கிற ஜொசே டுஸ் சாந்துஸ் ஃபெரெய்ரா 1993-ல் இறந்தார். யுனெஸ்கோ 2009-ல் இதை அழிவின் விளிம்பில் இருக்கும் மொழிகளின் பட்டியலில் வைத்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லாமல் போனால் எந்த மக்கனீஸ்காரரும் மன்னிக்க மாட்டார். மின்ச்சி அவர்களின் அன்றாடச் சோறு: கொத்திய இறைச்சியைச் சோயாச் சாற்றோடு வதக்கி, பொடியாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைக் கலந்து, சோற்றின்மேல் போட்டு, உச்சியில் ஒரு பொரித்த முட்டை. பெயர் ஆங்கிலத்து ‘மின்ஸ்’ஸிலிருந்து வந்தது என்பார்கள். பலிச்சாங் என்ற இறால் நொதிப்பு மலாயின் பெலாச்சானுக்கு உறவு. அதையும் புளியையும் சேர்த்துப் பன்றி இறைச்சி சமைப்பார்கள். பண்டிகை மிச்சத்தையெல்லாம் கடுகு போட்டுக் காரமாகக் கிளறினால் ‘தியாபு’, அதாவது பிசாசு. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கோழிக் குழம்பும் உண்டு. இந்தச் சமையலறையில் கோவாவும் மலாக்காவும் தெரியும் அளவுக்குச் சீனம் தெரியாது. வம்சாவளிச் சண்டைக்கு அடுப்படி சொல்லும் சாட்சி அது. சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று வாங்கும் முட்டை டார்ட்டை மக்கனீஸ் பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதை 1989-ல் கொலொவான் தீவில் தொடங்கி வைத்தவர் ஆன்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர்.

அரசியல் இந்தச் சொல்லை எப்போதும் இழுத்துக்கொண்டே இருந்தது. ஹாங்காங்கில் பிறந்த மக்கனீஸ் வரலாற்றாசிரியர் மொன்டால்ட்டு த ஜெசுஸ் 1902-ல் மக்காவ் வரலாற்றை எழுதியபோது பாராட்டு கிடைத்தது. 1926-ல் இரண்டாம் பதிப்பில், போர்ச்சுகலின் ஆட்சி சரியில்லை, ஊரை உலக நாடுகள் சங்கத்தின் பொறுப்பில் விடலாம் என்று சேர்த்து எழுதினார். புத்தகங்களைப் பறிமுதல் செய்து எரித்தார்கள். மண்ணின் மைந்தன் என்றால் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு அங்கே எல்லை இருந்தது. 1966 டிசம்பர் 3-ல் போர்ச்சுகீசிய ஆட்சிக்கு எதிராக வெடித்த சீனர்களின் கலவரத்துக்குப் பிறகு, அடுத்த மாதமே ஆளுநர் சீனத் தரப்பிடம் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். ஊர் யாருடையது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. பல குடும்பங்கள் மூட்டை கட்டின.

இங்கே ஒரு முரண். 1981 நவம்பர் வரை மக்காவில் பிறந்த யாருக்கும் போர்ச்சுகல் குடியுரிமை உண்டு. ஆகவே லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் கையில் போர்ச்சுகல் கடவுச்சீட்டு இருந்தது. காகிதப்படி போர்ச்சுகீசியர், ஆனால் மக்கனீஸ் இல்லை. மறுபக்கம், ஊரைத் திருப்பித் தரும் நாள் நெருங்கியபோது, 1998 டிசம்பரில் சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு ஒரு விளக்கம் தந்தது: சீன, போர்ச்சுகீசிய இரு வம்சமும் கலந்தவர்கள் விருப்பப்படி ஒரு குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த அனுமதி சீனர்களுக்கு இல்லை. 1993-ல் இயற்றிய மக்காவ் அடிப்படைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இவர்களின் நலனையும் பழக்கவழக்கங்களையும் பாதுகாக்கும் என்கிறது. ஆனால் அங்கே ‘மக்காயென்ஸ்’ என்ற சொல் இல்லை, ‘போர்ச்சுகீசிய வம்சாவளிக் குடியிருப்பாளர்கள்’ என்றே இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கும் அந்தச் சொல்லின் வழுக்கல் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் சீனாவிடம் திரும்பிய 1999 டிசம்பர் 20-க்குப் பிறகு ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘மக்கனீஸ்’ மெல்ல மெல்ல ஊர்க்காரர் எல்லாரையும் குறிக்கும் பொதுச் சொல்லாக அகன்று வருகிறது. விளையாட்டுச் செய்திகளில் இது அதிகம். மக்காவின் ஓட்டப்பந்தய வீரர் சீனராக இருந்தாலும் ‘மக்கனீஸ் வீரர்’ என்று எழுதிவிடுகிறார்கள். பழைய குடும்பங்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கின்றன. இலக்கணப்படி பத்திரிகைக்காரர்கள் செய்வதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஊரில் வாழும் எந்தத் தரப்பும் கேட்காத மாற்றம் இது. தமிழில் எழுதும்போது நான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் வழி எளியது: ஊர்க்காரர் எல்லாரையும் சொல்லும்போது ‘மக்காவ்காரர்’ அல்லது ‘மக்காவ்வாசி’. அந்தக் கலப்புச் சமூகத்தைச் சொல்லும்போது மட்டும் ‘மக்கனீஸ்’.

பட்டுவாவில் நாடகம் போடும் குழு ஒன்று, கவிஞர் ‘அதே’ இறந்த 1993-லேயே தொடங்கியது. எள்ளலும் பாட்டுமாக ஊர்ப் பிரச்சினைகளைக் கிண்டலடிக்கும் அவர்களின் மேடைக்குச் சீனத்திலும் போர்ச்சுகீசியத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் ஓடும், அதைப் படித்துத்தான் அரங்கம் சிரிக்கிறது. 2021-ல் சீன அரசு தன் தேசிய மரபுப் பட்டியலில் இந்த நாடகத்தையும் மக்கனீஸ் சமையலையும் சேர்த்துக்கொண்டது. பெய்ஜிங்கின் அந்தப் பட்டியலில் இரண்டு பதிவுகளும் தொடங்குவது பழைய ‘தோ-சாங்’ என்ற சொல்லோடுதான்: மண்ணில் பிறந்த.